வலது கை உயராத காலம்

இத்தாலியின் பலேர்மோ நகரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பாண்ட் வாத்தியக் குழுவை நடத்திவந்த சாம்பவிக்கு நாற்பத்தாறாவது வயதில் வலது தோள் இறுகத் தொடங்கியது. அது முதலில் தெரியவந்தது குளியலறையில். தலைமுடியை அள்ளி முடியக் கையை உயர்த்தியவள் பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். தோளுக்குள் ஆணி இறங்கியது போல இருந்தது. சற்று நேரத்தில் வலி அடங்கியது. படுத்த விதம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, முடியை விரித்தபடியே வேலைக்குப் போனாள்.

ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தாய் தகப்பனோடு இந்த நகரத்துக்கு வந்தவள் அவள். பெற்றோர் மொண்டெல்லோவில் ஒரு பணக்கார சிஞ்ஞோரா அம்மாவின் பெரிய வீட்டில் வேலை செய்தார்கள். குடியிருந்தது நகரத்தின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில். அங்கே புனிதர்களின் சுருவச் சிலைகளைத் தோளில் சுமந்து ஊர்வலம் போகும்போதெல்லாம் முன்னால் ஒரு பாண்ட் வாசித்துக்கொண்டு போகும். அதன் பின்னாலேயே நடந்து திரிந்த சிறுமி, ஒரு நாள் அதற்குள்ளேயே சேர்ந்து கிளாரினெட் பிடித்தாள். கிளாரினெட் அவளை வடக்கே தொரினோவுக்குக் கொண்டுபோனது. அங்கே இரண்டு வருடம், குழுவின் முன்னால் நின்று கோலசைத்து இசை நடத்துவதைப் படித்தாள். திரும்பி வந்தபோது பல்கலைக்கழகத்தில் பாண்டை நடத்தவும் நடத்துதல் கற்பிக்கவும் ஆள் தேடினார்கள். அந்த வேலையில் சேர்ந்தவள் பிறகு அசையவில்லை.

மற்றவர்கள்தான் ஒவ்வொருவராக அசைந்தார்கள். இத்தாலியக் கடவுச்சீட்டுக் கிடைத்ததும் தம்பி அனுசன் தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு லண்டன் போனான். தகப்பன் அங்கே காலமானார். ட்ரொம்போன் வாசிக்கும் ஒருவனோடு சாம்பவி ஆறு வருடம் சேர்ந்து வாழ்ந்தாள். அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. பாண்டை விட்டுவிட்டு வர முடியாது என்றாள். அவன் இரண்டு தடவை கேட்டான். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் கை நெஞ்சுயரத்துக்கு மேல் போகாது என்றாகிவிட்டது. மருத்துவர் தோளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூட்டு உறைந்துபோயிருக்கிறது என்றார். நீரிழிவு உள்ளவர்களுக்கும் இந்த வயதுப் பெண்களுக்கும் இது சாதாரணமாக வருவதுதான், தானாக இளகும், இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம், பயிற்சி செய்தால் சீக்கிரம் இளகும் என்றார்.

"வீட்டில் உதவிக்கு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"இருக்கிறார்கள்" என்றாள் சாம்பவி.

வீட்டுக்கு வந்து மேல்தட்டிலிருந்த பாத்திரங்களை இடது கையால் ஒவ்வொன்றாக இறக்கிக் கீழே அடுக்கினாள். தலை வழியாகப் போடும் உடுப்புகளை ஒதுக்கிவிட்டு முன்னால் பொத்தான் உள்ளவற்றை எடுத்து வைத்தாள். முடியைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. இடுப்பு வரை இருந்த முடியை ஒற்றைக் கையால் பின்ன வராது. பல்லரோச் சந்தைக்குப் பக்கத்திலிருந்த கடையொன்றில் போய் உட்கார்ந்து, கழுத்தளவில் வெட்டச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தாய் பார்த்துவிட்டாள்.

"என்ன பிள்ளை இது? ஏன் வெட்டினனீ?"

"வெக்கை அம்மா."

"மாசி மாசத்திலை என்ன வெக்கை? கலியாணந்தான் இல்லை எண்டு பாத்தா, இருந்த தலைமயிரையும் வெட்டிப்போட்டு நிக்கிறாய்."

தொலைபேசித் திரையில் முகம் மட்டுந்தான் தெரியும். தோளைப் பற்றிச் சாம்பவி சொல்லவில்லை. சொன்னால் தாய் அழுவாள், தம்பி உடனே லண்டனுக்கு வரச் சொல்லுவான், அந்தப் பேச்சு ஒரு மாதம் ஓடும்.

வேலையிடத்திலும் சொல்லவில்லை. பாண்டில் ஐம்பது பேர். மருத்துவம், சட்டம், பொறியியல் என்று படித்துக்கொண்டே மாலையில் வந்து வாசிக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால் நிற்கிறவளுக்குக் கைதானே எல்லாம். கை உயராத நடத்துனர் என்று ஒருவரைச் சாம்பவி கேள்விப்பட்டதில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, மணிக்கட்டால் மட்டும் கோலை அசைத்துப் பார்த்தாள். மிச்சத்தைக் கண்ணாலும் மூச்சாலும் செய்தாள். முதல் வாரங்களில் பாண்ட் தடுமாறியது. ட்ரம்பெட்காரர் முந்தினார்கள், முரசு பிந்தியது. பிறகு பிள்ளைகள் அந்தச் சின்ன அசைவைத் தவறவிடாமலிருக்க அவளையே பார்க்கத் தொடங்கினார்கள். அவளைப் பார்த்தும் பிடிபடாதபோது ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு மாலை கிளாரினெட்டுகள் எல்லாம் சேர்ந்து மிக மெல்லிய ஒரு சுரத்தைப் பிடித்தபோது, அறையில் வெப்பமூட்டியின் இரைச்சல்கூடக் கேட்டது. இத்தனை வருடத்தில் அந்தப் பாண்ட் அப்படி வாசித்ததில்லை.

வசந்தத்தில் நடந்த கச்சேரியைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று எழுதியது. இவ்வளவு சிறிய அசைவிலிருந்து இவ்வளவு இசையா என்று அதை எழுதியவர் வியந்திருந்தார். டியூபா வாசிப்பவனும் அவளுடைய துணை ஆசிரியனுமான றோபேட் அந்தப் பத்திரிகையோடு ஓடி வந்தான்.

"புதிதாக என்ன செய்கிறீர்கள், மாயெஸ்த்ரா?" என்று, இசை ஆசிரியைகளை அங்கே கூப்பிடும் சொல்லால் கேட்டான்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாராட்டு இன்னும் சூடாக இருந்தது.

"தேவையில்லாததை விட்டுவிட்டேன்" என்றாள் சாம்பவி.

நடத்துதல் வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும். அதில் எட்டுப் பேர். அமலினி என்ற பெண்ணும் அதில் ஒருத்தி. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் மகேந்திரராசாவின் ஒரே மகள், பலேர்மோவிலேயே பிறந்தவள், பாண்டில் முரசும் தாளக் கருவிகளும் வாசித்துவிட்டு நடத்துதலுக்கு வந்தவள். தனக்குப் பிறகு இசை நடத்த வந்த முதல் தமிழ்ப் பிள்ளை என்பதால் சாம்பவிக்கு அவள்மேல் வாரப்பாடும் பாசமும் இருந்தன. வகுப்பில் மற்றவர்களைப் போல மாயெஸ்த்ரா என்று கூப்பிடுவாள். தனியாக இருக்கும்போது அக்கா என்பாள்.

முழங்கை ஒட்டியிருப்பதைச் சாம்பவி முதலில் கண்டது அவளிடந்தான். ஒரு செவ்வாய் அமலினி முன்னால் வந்து நின்று, வலது முழங்கையை விலாவோடு சேர்த்து வைத்து, மணிக்கட்டால் நடத்தத் தொடங்கினாள். தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்தும் வைத்திருந்தாள். வலி வரும்போது சாம்பவி அப்படித்தான் சாய்ப்பாள். அடுத்த மாதத்தில் இன்னும் மூன்று பேர் அப்படி நின்றார்கள். கோடை வருவதற்குள் வகுப்பு முழுவதும் கை சூம்பிய பொம்மைகள் போல வரிசையாக நின்று இசை நடத்தியது.

சாம்பவி சொல்ல வாயெடுத்தாள். பிறகு விட்டுவிட்டாள். மெல்லிய இசைக்கு அது அழகாகத்தான் இருந்தது. அதைவிட, தன்னை ஒருவர் தலைச்சாய்வு வரைக்கும் கவனித்துப் பார்த்திருக்கிறார் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் அவளைப் பார்ப்பதற்கு ஒருவருமில்லை.

அப்படியே இரண்டாவது வருடமும் வந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த பயிற்சிகளை ஒரு வாரம் செய்தாள், வலி தாங்காமல் நிறுத்தினாள்.

அமலினி மேற்படிப்புக்காகத் தொரினோவில் நுழைவுத் தேர்வுக்குப் போனாள். அவளுக்குக் கிடைக்கும் என்று சாம்பவிக்குச் சந்தேகமே இல்லை. தேர்வு முடிந்த அடுத்த நாள் மதியம் அமலினி அறைக் கதவைத் தட்டினாள். பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் பயணக் களைப்போடு வந்திருந்தாள்.

"கிடைக்கேல்லை அக்கா."

"என்ன சொன்னவை?"

"உன்ர வலது கை ஏன் இப்பிடி ஒட்டிக்கொண்டு நிக்குது எண்டு கேட்டவை. கையிலை மூச்சே இல்லையாம். பெரிசாய் வாசிக்கிற இடத்திலை அங்கை வாசிச்ச பிள்ளையளுக்கு நான் எங்கை சேரச் சொல்லுறன் எண்டே தெரியேல்லையாம்."

"நீ என்ன சொன்னனீ?"

"எங்கட மாயெஸ்த்ரா இப்பிடித்தான் படிப்பிச்சவா எண்டு சொன்னன். பலேர்மோவிலை எங்கட முறை இதுதான் எண்டு சொன்னன்." அமலினி நிமிர்ந்துதான் நின்றாள். "ஒராள் சிரிச்சவர். சிரிக்கட்டும் அக்கா. அவைக்கு உங்கட முறை விளங்கேல்லை. நான் மாத்த மாட்டன்."

சாம்பவி எதிரே இருந்த பெண்ணின் கண்களைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தாள். அமலினி அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவது போலப் போனாள்.

அடுத்த செவ்வாய் வகுப்பில் எட்டுப் பேரும் இருந்தார்கள். பியானோவுக்குப் பக்கத்தில் றோபேட்டும் நின்றான். சாம்பவி யாரையும் நடத்தக் கூப்பிடவில்லை.

"அமலினி, வலது கையை உயர்த்து" என்றாள் இத்தாலியனில். "இன்னும். காதுக்கு மேலே."

அமலினியின் கை நேராக மேலே போனது.

"இப்போது நான்."

சாம்பவி கையை உயர்த்தினாள். நெஞ்சுக்கு நேராக வந்ததும் அது நின்றது. மேலும் உயர்த்தப் பார்த்தபோது உடம்புதான் இடப்பக்கம் சாய்ந்தது. யாரோ ஒருவன் அது ஏதோ பாடம் என்று நினைத்துத் தானும் சாய்ந்து பார்த்தான்.

"இது இவ்வளவுதான் போகும்" என்றாள். "இரண்டு வருடமாக இவ்வளவுதான். தோள் மூட்டு உறைந்துபோயிருக்கிறது. நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு முறை என்று நினைத்தீர்கள். அது என் நோவு. அதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்."

ஒரு பெண் விலாவோடு ஒட்டியிருந்த தன் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். றோபேட் பியானோ மூடியைத் திறந்தான், பிறகு மூடினான். அமலினி பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

சாம்பவி அவளை முற்றத்தில்தான் பிடித்தாள்.

"அமலினி, நில்லு."

"நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம்." அவள் திரும்பவில்லை. "அண்டைக்கு நான் வந்து நிக்கேக்கையாவது சொல்லியிருக்கலாம். அவையளுக்கு விளங்கேல்லை எண்டு நான் கதைச்சுக்கொண்டு நிண்டன். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"வெக்கமாய் இருந்தது."

"ரெண்டு வருசமாய் உங்களைத்தானே பாத்துக்கொண்டிருந்தனாங்கள். ஒரு சொல்லு சொல்ல ஏலாமல் போச்சோ?"

"பாத்தனீங்கள்தான்" என்றாள் சாம்பவி. "நோகுதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

சொல்லி முடித்ததுமே அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. குற்றத்தைப் பிள்ளையின் தலையில் இறக்கிவைத்தது போலாகிவிட்டது. அமலினி திரும்பி அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாசலைக் கடந்து தெருவில் இறங்கிப் போய்விட்டாள். அந்தப் பருவம் முழுவதும் அவள் வகுப்புக்கு வரவில்லை. கட்டானியா நகரத்தில் வேறொரு ஆசிரியரிடம் போய்வருகிறாள் என்று பிறகு றோபேட் சொன்னான்.

சாம்பவி விடுப்பு எடுத்தாள். ஒரு பெண் சிகிச்சையாளர் வாரத்தில் மூன்று நாள் அவளுடைய கையைப் பிடித்து, கதவின் துருப்பிடித்த கீலைத் திருப்புவது போலத் திருப்பினாள். சாம்பவி மேற்கூரையின் ஒரு விரிசலைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். வேறு ஒருவர் தன் கையைத் தொட்டுப் பிடித்து எவ்வளவு காலம் என்று சில நாள் யோசிப்பாள். வலிக்கும் அழுகைக்கும் நடுவில் அந்த யோசனை வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

கோடைக் கச்சேரியை றோபேட் நடத்தினான். சாம்பவி முதல் தடவையாக மண்டபத்தில், பார்வையாளர்கள் நடுவே, தன் பாண்டைக் கேட்க உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரோ ஒரு மாணவனின் தகப்பனும் தாயும் இருந்தார்கள். அவள் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவளுடைய முதுகைத்தானே அவர்கள் இதுவரை பார்த்திருக்கிறார்கள்.

றோபேட்டுக்கு நீளமான கைகள். அவன் அவற்றை விரித்தபோது ட்ரம்பெட்டுகள் எழுந்தன, பெரிய முரசு இடித்தது, மண்டபத்தின் மரத்தரை அதிர்ந்தது. பிள்ளைகள் முகமெல்லாம் சிவக்க வாசித்தார்கள். இரண்டு வருடமாக அவர்களுக்குள் இந்தச் சத்தம் அடைபட்டுக் கிடந்திருக்கிறது என்று சாம்பவிக்கு விளங்கியது. இன்னொன்றையும் அவள் கேட்டாள். மெல்லிய இடம் வந்தபோது றோபேட் கையை அகலமாகவே வீசிக்கொண்டிருந்தான், கிளாரினெட்டுகள் அவனைப் பார்க்கவில்லை. ஒன்றையொன்று கேட்டபடி, அன்று ஒத்திகை அறையில் பிடித்த அதே மெல்லிய சுரத்தைத் தாமாகவே பிடித்தன. அதை அந்த மண்டபத்தில் வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த தகப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்து எல்லாரும் கைதட்டியபோது, இத்தனை வருடப் பழக்கத்தில் சாம்பவியின் உடம்பு தானாக எழுந்து பார்வையாளர் பக்கம் திரும்பப் பார்த்தது. பாதி எழுந்தவள் சட்டென்று அமர்ந்தாள். அவள் மேடையை மறைத்ததில் பின் வரிசைக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். பிள்ளைகள் மேடையில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் வாழ்த்த வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். மேடைப் பக்கக் கதவு வரை போனாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. தான் போனால் அவர்கள் சிரிப்பை நிறுத்தி, கை எப்படி என்று கவலையாகக் கேட்க வேண்டி வரும். திரும்பி நடந்து வீட்டுக்குப் போனாள்.

இலையுதிர்காலம் தொடங்கும்போது கை காது வரைக்கும் போனது. வகுப்பைத் திரும்பவும் எடுத்தாள். புதிய மாணவர்கள் அவளைப் பார்த்துச் செய்யாதபடி, அவர்களை வாத்தியக்காரரைப் பார்க்க நிறுத்திவிட்டுத் தான் அவர்களுக்குப் பின்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்து குரலால் மட்டும் சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கையை வீசினார்கள். நல்ல முறைதான். ஆனால் மூன்று மணி நேரம் ஒருவரும் அவளுடைய முகத்தைப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் பல்லரோச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நின்றபோது அமலினியின் தாய் றஜிதா எதிரே வந்தாள்.

"ரீச்சர், அவளுக்குத் தொரினோவிலை கிடைச்சிட்டுது. உங்களுக்குச் சொன்னவளோ?"

"இல்லை. நல்ல சந்தோசம்."

றஜிதாவின் முகம் கொஞ்சம் மாறியது. "சொல்லியிருப்பாள் எண்டு நினைச்சன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜெனோவாக் கப்பலிலை போறாள், அங்கையிருந்து தொரினோ கிட்ட. சாமான் கனக்க, பிளேனிலை கொண்டுபோக ஏலாது. நேரம் இருந்தா வாங்கோ, ரீச்சர்."

சாம்பவி போவதில்லை என்றுதான் நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும் அப்படித்தான் நினைத்தாள். பின்னேரம் துறைமுக வாசலில் நின்றாள்.

கப்பலின் பின்கதவு திறந்திருக்க, லொறிகள் ஒவ்வொன்றாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தன. மகேந்திரராசா வேலை செய்யும் இடமாதலால் வழியில் போகிறவர்களெல்லாம் அவருக்குக் கையசைத்தார்கள். அவர் மகளின் பெட்டிகளுக்கு மேல் கையை வைத்தபடி நின்றார். அமலினி சாம்பவியைக் கண்டதும் பெற்றோரை விட்டுச் சில அடி தள்ளி வந்தாள்.

"வருவியள் எண்டு நினைக்கேல்லை."

"அம்மா சந்தையிலை சொன்னவா."

இருவரும் லொறிகளைப் பார்த்தார்கள்.

"நான் உங்களுக்குச் சொல்லாமல் போகத்தான் இருந்தனான்" என்றாள் அமலினி. "கோவத்திலை இல்லை. என்னெண்டு சொல்லுறது எண்டு தெரியேல்லை. நீங்கள் அண்டைக்கு முத்தத்திலை சொன்னது சரிதான் அக்கா. நாங்கள் கேக்கேல்லை."

"அது நான் சொல்லியிருக்கக் கூடாது."

"கை எப்பிடி?"

"காது வரைக்கும் போகுது."

"என்ர கை இன்னும் சரியாகேல்லை. கட்டானியாவிலை அந்த மனிசன் என்ர முழங்கைக்குள்ளை புத்தகத்தை வைச்சுத் தள்ளித் தள்ளிப் பழக்கினவர். எண்டாலும் மெல்லிசாய் வாசிக்கிற இடம் வந்தா, அது தானாய்ப் போய் ஒட்டுது."

"அந்த இடத்திலை ஒட்டினா ஒட்டட்டும்" என்றாள் சாம்பவி. "சத்தமான இடத்திலை ஒட்டினாத்தான் சிரிப்பினம்."

அமலினிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. தாய் கூப்பிட்டாள். அமலினி போய்த் தாயைக் கட்டிப்பிடித்தாள், தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். சாம்பவியைப் பார்த்துத் தலையை அசைத்தாள். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு ஏணிப் படிகளில் ஏறி உள்ளே போனாள். கப்பல் கரையை விட்டு விலகும்வரை மூவரும் நின்றார்கள். மேல்தளத்தில் நின்றவர்களில் யார் அமலினி என்று சாம்பவிக்குத் தெரியவில்லை. மகேந்திரராசா தெரிகிறாள் என்றார்.

"வாங்கோ ரீச்சர், வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றாள் றஜிதா. "எல்லாம் சமைச்சுக் கிடக்கு. அவள் பயணப் பரபரப்பிலை ஒண்டும் சாப்பிடேல்லை."

"இல்லை, எனக்கு ஒத்திகை இருக்கு."

"ஞாயிற்றுக்கிழமையோ?" என்றார் மகேந்திரராசா.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். சாம்பவி அவர்களோடு காரில் ஏறினாள்.

வீட்டில் றஜிதா சோறும் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தாள். மகேந்திரராசா தொலைக்காட்சியைப் போட்டார், பிறகு சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டார்.

"அங்கை சரியான குளிரோ?" என்று றஜிதா கேட்டாள்.

சாம்பவி சொல்லத் தொடங்கினாள். கார்த்திகையில் இறங்கும் பனிப்புகாரில் எதிரே வருகிறவர் முகம் தெரியாது, காதை மூடும் தொப்பி வேண்டும், வாடகை அறைகளில் வெப்பமூட்டியை வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் நிறுத்திவிடுவார், நல்ல அரிசி எந்தச் சந்தையில் கிடைக்கும், எந்த ட்ராமில் ஏறக் கூடாது. றஜிதா ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். இவ்வளவு நேரம் இசையைப் பற்றியில்லாத ஒன்றைத் தான் யாரிடமும் கதைத்து எத்தனையோ காலமாகிவிட்டது என்று சாம்பவிக்குத் தோன்றியது.

"நீங்களும் அங்கை தனியத்தான் இருந்தனீங்களோ?"

"ஓம். முதல் வருசம் சரியான தனிமை. கடைக்காரரோடை மட்டுந்தான் கதைப்பன்."

"பிறகு?"

"பிறகு பழகிட்டுது."

றஜிதா அதற்கு மேல் கேட்கவில்லை. குழம்புச் சட்டியைச் சாம்பவியின் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, கப்பல் இந்நேரம் கடலில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கேட்டாள்.